வேலை மாறும் இளைஞர்

ஓரிடத்தில் நிலைத்து நில்லாது அடிக்கடி வேலை மாறும் இளைஞரை மனவுறுதி அற்றவர் என்று பெரியோர் பலர் இகழ்கின்றனர். இக்காலத்து இளைஞர்க்கே உரிய குறை இது என்பதும் அவர்தம் கருத்து. பல நாட்டு வழக்கங்களை ஒப்புநோக்குவார்க்கு அவ்விகழ்ச்சி பொருந்தாமை புலனாகும்.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1957 முதல் 1964 வரை பிறந்தோர் சில்லாயிரவரை, அரசினர் 1979 தொடங்கிப் பல்லாண்டு தொடர்ந்து வினவி வந்தனர். அவர்கள் 18 வயது முதல் 54 வயது வரை சராசரியாக 12 வேலைகளுக்கு மேல் பார்த்திருந்தனர். அவற்றுள் ஏறக்குறையப் பாதி 25 வயதிற்கு முன்னரே பார்த்தவை. இளைஞரைப் பழிக்கும் இன்றைய முதியோரின் இளமைக் கணக்கே இது! தனக்கு ஏற்ற பணி எதுவென்று செய்து பார்த்தே ஒருவன் அறிதல் கூடும். குடும்பப் பொறுப்பு மிகாத பருவமே அதற்கு ஏற்ற பருவமுமாகும்.

செருமனி நாட்டில் இம்மாற்றம் கல்வியாகவே போற்றப்பட்டது. தச்சர், கொத்தர் முதலியோரிடையே இடைக்காலம் தொட்டு வரும் மரபொன்று அங்கு உண்டு. பயிற்சி முடித்த இளைஞன் 3 ஆண்டும் ஒரு நாளும் ஊர்தோறும் சென்று உழைத்தல் வேண்டும். அக்காலத்தில் தன் ஊருக்கு 50 கிலோமீட்டர் எல்லைக்குள் அவன் அடிவைத்தல் ஆகாது. மணமாகாதவனாகவும் கடனில்லாதவனாகவும் இருத்தல் வேண்டும். கருநிற உடையும் அகன்ற தொப்பியும் அணிந்து, சிறு மூட்டையுடன் புறப்படும் அவன், ஓர் ஆசானிடம் சில காலம் பணிபுரிந்து, அவர்தம் கைத்திறத்தைக் கற்றுக்கொண்டு, மற்றோர் ஆசானை நாடிச் செல்வான். முற்காலத்தில் இவ்வாறு சுற்றி வாராதவன் பல நகரங்களில் ஆசான் ஆகும் தகுதியையே பெற்றிலன். இன்றும் சிலர், பெண்டிர் உட்பட, இம்மரபைப் பேணி வருகின்றனர். அவர்கள் மாற்றுவது இடத்தையே, தொழிலை அன்று. இவ்வேறுபாட்டை இகழ்வோர் எண்ணிப் பார்ப்பதில்லை.

டென்மார்க்கிலோ வேலை இழந்த காப்பீட்டாளர்க்கு 2 ஆண்டு வரை உதவித்தொகை கிடைக்கும். ஆதலின் வேலை மாறுதல் அங்கே பேரச்சம் தருவதன்று.

சப்பான் நாட்டின் நிலை வேறு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்குள்ள பெருநிறுவனங்கள், கல்வி முடித்தோரை ஆண்டுதோறும் ஏப்பிரல் திங்களில் ஒருங்கே சேர்த்துக்கொண்டன. பணியாண்டு ஏறுந்தோறும் ஊதியமும் ஏறிற்று. இடையில் விலகினவன் இழப்பது மிகுதி. அவ்வாறிருந்தும், பட்டம் பெற்றுப் பணியேற்போருள் பத்தில் மூவர் அளவினர் 3 ஆண்டுகளுக்குள் முதல் வேலையை விட்டு நீங்குகின்றனர். 1990-களின் தொடக்கத்தில் அந்நாட்டுப் பொருளியல் தளர்ந்தபோது நிறுவனங்கள் ஆள் சேர்ப்பதைச் சுருக்கின. அப்போது கல்வி முடித்து, அந்த ஒரே வாயிலில் நுழைய இயலாத பலர், தற்காலிக வேலை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஆண்டுக்கணக்கில் மாறி அலைந்தனர். விரும்பி மாறினவர் அல்லர் அவர். அவர்க்கு நிலையான பணி கிடைக்கச் செய்யும் சிறப்புத் திட்டத்தை அரசு 2019-இல் அறிவித்தது. அப்பொழுது அவருட் பலர் நாற்பது வயதைக் கடந்திருந்தனர்.