காதைக் கொடு... கருத்தைக் கொடுக்காதே!

காளப்பநாயக்கன்பட்டியில பஸ் ஏறினா, நாமக்கல் போய்ச் சேர்ற வரைக்கும் என் காதுல சித்ரா லட்சுமணன்தான். யூடியூப்ல வர்ற 'சாய் வித் சித்ரா' பேட்டிகளை ராத்திரியே டவுன்லோடு பண்ணிடுவேன். போனைப் பாக்கெட்ல போட்டுட்டு, பாட்காஸ்ட் மாதிரி கேட்டுட்டே போறதுல ஒரு சுகம்! 'மண்வாசனை' (1983) தயாரிச்சவர், 'சூரசம்ஹாரம்' (1988) இயக்கினவர். அதனால, உள்ளே இருந்த ஆள் கேட்கிற கேள்விகளா வந்து விழும்.

பிரச்னை அவர்கிட்ட இல்லை, என்கிட்ட! காதுல விழுறதை எல்லாம் கேன்டீன்ல என் சொந்தக் கருத்தா அவிழ்த்துவிட ஆரம்பிச்சேன். போன மாசம் 'அன்பே சிவம்' பத்திப் பொளந்து கட்டிட்டிருந்தப்ப, ஒரு ஜூனியர் அப்பாவியா கேட்டான்... ''அண்ணா, அதுல உங்களுக்குப் பிடிச்ச சீன் எது?''

கப்சிப்! நான் படத்தை முழுசா பார்த்ததே இல்லை பாஸ்!

அன்னிக்கு ராத்திரியே பார்த்தேன். 2003 பொங்கலுக்கு வந்து, தியேட்டர்ல சரியா ஓடாத படம். அப்புறம் டி.வி-யில பார்த்துப் பார்த்தே ஜனங்க கொண்டாடினாங்க. ஆம்புலன்ஸ்ல அந்தப் பையன் இறந்ததும் மாதவன் உடைஞ்சு அழுவாரே... நானும் அழுதேன். ஆனா, ஃப்ளாஷ்பேக் கொஞ்சம் நீளம்தான். யார் அடிச்சாலும் சரி, இது என் கருத்து!

இப்ப எனக்கு ஒரே ரூல். முதல்ல படம், அப்புறம்தான் பேட்டி. அது சரி, யாரும் சொல்லாம நீங்களா ரசிச்ச சீன் எது ஃப்ரெண்ட்ஸ்?