படுக்கையும் பயிற்சியும்

பிணியுற்றார்க்கு ஓய்வே மருந்து என்பது நம்மவர் நெஞ்சில் நெடுங்காலமாக வேரூன்றிய கொள்கை. காய்ச்சலுற்றோர்க்கும் புண்பட்டோர்க்கும் அது பொருந்துவதே. ஆயினும், எந்நோய்க்கும் எந்நாளும் அதுவே ஏற்றதெனக் கொள்ளுதல் பெரும்பிழையாம். பக்கவாதத்தால் ஒருபுறஞ் செயலற்ற முதியவரொருவர் மருத்துவமனையினின்று இல்லந் திரும்பின், அங்கு நிகழ்வது யாது? மகள் சோறூட்டுகின்றாள், மகன் தூக்கி அமர்த்துகின்றான், பேரன் சட்டையை மாட்டிவிடுகின்றான். எல்லாம் அன்பினாற் செய்வனவே. ஆயினும், ஒரு திங்கள் கழிவதற்குள் அம்முதியவர், தம்மால் ஒன்றும் ஆகாதென்னும் முடிவுக்கு வந்துவிடுகின்றார். இவ்வன்பு திருத்தம் பெறவேண்டுமென்பதும், அதற்கு இயன்முறை மருத்துவம் நல்லாசிரியனாகுமென்பதுமே ஈண்டுக் கூறக் கருதியது.

'இயலுதல்' என்னுஞ் சொல்லுக்கு நம் மொழியிற் பொருள் பல. நடத்தல் என்பது அவற்றுள் ஒன்று. கூடுவதாதல் என்பது மற்றொன்று. பெயரிட்டோர் கருதினரோ அன்றோ, இம்மருத்துவத்தின் பெயரில் அவ்விரு பொருளும் இனிது பொருந்தி நிற்கின்றன. நடக்கச் செய்தலும், 'என்னால் இயலும்' என்னும் உறுதியை மீட்டுத் தருதலுமே இதன் பணி.

இயங்காது கிடக்கும் உடலுக்கு நேர்வனவற்றை எண்ணிப் பார்ப்போம். தசைகள் நாளுக்கு நாள் மெலியும். மூட்டுகள் இறுகி மடங்கும். அழுந்திய தோலிற் படுக்கைப்புண் தோன்றும். காலின் இரத்தக் குழாயிற் குருதி உறைதலுங் கூடும். பக்கவாதத்தில் முதலிற் பழுதுற்றது கையுமன்று, காலுமன்று. அவற்றை ஏவும் மூளையின் ஒரு பகுதியே. அங்கு மாய்ந்த நரம்பணுக்கள் மீள்வதில்லை. எனினும், எஞ்சிய பகுதிகள் புதிய தொடர்புகளை அமைத்துக்கொண்டு, இழந்த தொழிலிற் சிலவற்றைக் கற்க வல்லன. கற்பதற்கு வழி, ஒரு செயலைப் பன்முறை முயன்று செய்தலே. அடிமேல் அடிவைத்தால் அம்மியும் நகரும் என்னும் பழமொழி இதற்கு எத்துணைப் பொருத்தமுடையது! குவளையை எடுக்க அம்முதியவர் பத்துமுறை முயன்று தோற்பாராயின், அப்பத்தும் பாடங்களே. நாம் விரைந்து எடுத்துக் கொடுப்போமாயின், அப்பாடங்களை அவரிடமிருந்து பறித்தவராவோம்.

வலியைக் குறித்தும் நம் எண்ணம் மாறவேண்டும். முதுகுவலி கண்டாரை முன்னாளிற் பலநாள் படுக்கவைத்தனர். சாதாரண முதுகுவலியுடையார் இயன்றவரை நடமாடுதலே நன்றென்று இந்நாள் மருத்துவர் அறிவுறுத்துகின்றனர். முழங்கால் மூட்டுத் தேய்ந்தோர்க்குத் தொடையின் முன்தசையை வலுப்படுத்தும் பயிற்சி வலியைத் தணிக்கின்றது. நெடுநாள் நீடித்த வலி, ஒவ்வொரு முறையும் புதுச்சேதத்தின் அறிகுறியாதல் இல்லை. வலிக்கு அஞ்சி அசையாதிருப்பதால் தசை தளர்கின்றது; தளர்ந்த தசையைச் சிறிது அசைப்பினும் வலிக்கின்றது; அச்சம் மேலும் மிகுகின்றது. இச்சுழலிலிருந்து மீட்க, பயிற்சியை அளந்து, சிறிது சிறிதாகக் கூட்டுவதே இயன்முறை மருத்துவரின் திறம். எல்லா வலியையும் பொறுத்துக்கொண்டு உழைக்கவேண்டுமென்பது இதன் பொருளன்று. முதுகுவலியோடு காய்ச்சலோ, கால்களில் உணர்வின்மையோ, சிறுநீரை அடக்க இயலாமையோ தோன்றின், அன்றே மருத்துவரை நாடுதல் வேண்டும்.

இம்மருத்துவத்தின் சிறப்பை வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் வரலாறு நன்கு விளக்கும். 1946-ஆம் ஆண்டில் அங்கு வந்த டாக்டர் பால் பிராண்டு, தொழுநோயால் விரல் மடங்கிய கைகளுக்கு அறுவை மருத்துவஞ் செய்தார். வேறு தொழில் செய்துவந்த தசையொன்றின் நாணை எடுத்து, விரலை நிமிர்த்தும் வகையிற் பொருத்துவது அம்முறை. கத்தியின் வேலை அன்றே முடியும். ஆயின், அத்தசைக்குப் புதுத்தொழிலைக் கற்பிக்கும் வேலை பல வாரம் நடைபெறும். அக்கல்வியின்றேல் அறுவையின் பயன் முழுமை பெறாது. அங்கேயே பணியாற்றிய டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் ஊர்தி விபத்தில் முதுகுத்தண்டு சேதமுற்றுக் கால்களின் இயக்கத்தை இழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தார். பின்பு வெளிநாட்டிற் பயின்று மீண்டு, உடலியல் மருத்துவ மறுவாழ்வுத் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966-இல் அங்கு மறுவாழ்வு நிலையம் எழுந்தது. அவர்தங் கால்கள் மீளவில்லை. அவர்தம் வாழ்வு மீண்டது. இழந்ததெல்லாந் திரும்புமென்று இம்மருத்துவம் பொய்யுறுதி கூறுவதில்லை. எஞ்சியதைக் கொண்டு வாழக் கற்பிக்கின்றது.

'நாட்கூலி பெறுவோன் வாரந்தோறும் மருத்துவமனைக்கு எவ்வாறு செல்வான்?' என்று வினவுவார் உளர். அவ்வினா நேரியதே. தமிழ்நாட்டரசு 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னுந் திட்டத்தில், இல்லத்திற்கே சென்று இயன்முறை மருத்துவம் அளித்தலும் ஒரு பகுதியாக அமைந்தமை இவ்வினாவுக்குத் தக்க விடையின் தொடக்கம். எனினும், மருத்துவர் வந்து நிற்பது சிலநாழிகையே. எஞ்சிய பொழுதெல்லாம் இல்லத்தார் கையில் உள்ளது. ஆதலின், பயிற்சியை நோயாளிக்கு மட்டுமின்றி உறவினர்க்குங் கற்பித்தல் இன்றியமையாதது. செயலற்ற கையைப் பற்றி இழுத்துத் தூக்கின் தோள்மூட்டுக்குத் தீங்கு நேரும் என்னுஞ் சிறு செய்தியையேனும் எத்தனை இல்லத்தார் அறிவர்?

மாணவ நண்பர்களே, விடுமுறைக்கு ஊர் செல்லும் நம்முள் பலர் இல்லங்களில் இத்தகைய முதியோர் இருத்தல் கூடும். அவர்க்கு நாம் செய்யத்தக்க உதவி எளிது. ஆயினும் பொறுமை வேண்டுவது. அவர் தாமே பொத்தானை மாட்ட முயலும்போது அருகிலமர்ந்து காத்திருப்போம். அவர் எழுந்து நிற்குங்கால் விழாதபடி துணைநிற்போம். அவருக்காக நாமே எல்லாஞ் செய்துவிடாதிருப்போம். ஊட்டும் அன்பினும் காத்திருக்கும் அன்பு அரிது. நோயாளியை நிமிரச் செய்வது அதுவே.