நெய்தவர் பெயர் எங்கே?

ஓணமோ பொங்கலோ வந்துவிட்டால் நம் சங்க அன்பர்களில் பலர் திருவனந்தபுரத்திலோ நெய்யாற்றின்கரையிலோ ஏதேனும் ஒரு துணிக்கடையில் ஏறி, "பாலராமபுரம் கைத்தறி இருக்கிறதா?" என்று கேட்பது வழக்கம். கசவுக்கரை வேட்டியும் சேலையும் வாங்கி வந்து உடுத்தி மகிழ்கிறோம். ஆனால் அந்தத் துணி உண்மையிலேயே பாலராமபுரத்தில் கையால் நெய்ததுதானா என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்? கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்பதே என் தாழ்மையான கருத்து.

நெய்யாற்றின்கரை வட்டத்தில் உள்ள பாலராமபுரத்தின் வரலாற்றை அன்பர்கள் அறிவார்கள். 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராமவர்மா மகாராஜாவின் பெயரால் அமைந்த ஊர் அது. அரண்மனைக்கு மெல்லிய துணி நெய்வதற்காகத் தமிழ்ப் பகுதியிலிருந்து சாலியர் குடும்பங்களை அழைத்து வந்து அங்கே குடியமர்த்தினார்கள். சாலியர் தெரு இன்றும் இருக்கிறது. காலப்போக்கில் தொழில் அந்தத் தெருவைக் கடந்து சுற்று வட்டாரக் கிராமங்களுக்குப் பரவியது. பல சமூகத்தாரும் தறியில் அமர்ந்தார்கள். 1956 நவம்பர் முதல் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் தமிழகத்தோடு இணைந்தபோது நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே விழுந்தது. நூலும் நெசவும் மட்டும் அந்தக் கோட்டைக் கண்டுகொள்ளவில்லை.

இந்த நெசவின் சிறப்பு என்ன என்று கேட்கலாம். குழித்தறியில் அமர்ந்து, நாடாவை ஒரு கையால் எறிந்து மறு கையால் பிடிக்கும் பழைய முறை இங்கேதான் நெடுங்காலம் நிலைத்தது. நெய்யும் முன்பு பாவை விடியற்காலையில் தெரு நீளத்துக்கு விரித்து, அரிசிக் கஞ்சி தடவி, தேங்காயெண்ணெய் சேர்த்து, இருபுறமும் ஆட்கள் நின்று தூரிகையால் வாரிவிடுவார்கள். வெயில் ஏறினால் நூல் இறுகிவிடும். மழை வந்தால் அன்றைய வேலை போயிற்று. வீட்டுப் பெண்கள் தார் சுற்றித் தருவார்கள். 100-ஆம் நம்பர், 120-ஆம் நம்பர் என்று மெல்லிய நூலில் இப்படி நெய்த துணிக்கு முன்புறம் பின்புறம் என்ற வேறுபாடே தெரியாது. ஒரு சேலை தறியிலிருந்து இறங்க நாட்கள் ஆகும். விசைத்தறியிலோ ஒரே தொழிலாளி பல தறிகளைப் பார்த்துக்கொள்கிறார். துணி மணிக்கணக்கில் இறங்குகிறது.

விசைத்தறியைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நானே இயந்திரங்களோடு வாழ்ந்தவன். விசைத்தறித் தொழிலாளியும் உழைப்பாளிதான். அவர் நெய்த துணி மலிவாகக் கிடைப்பதால் ஏழை எளியவரும் திருவிழாவுக்குப் புதுத்துணி உடுத்துகிறார்கள். விசைத்தறித் துணியை விசைத்தறித் துணி என்று சொல்லி விற்றால் யாருக்கும் வருத்தமில்லை. அதற்குப் பாலராமபுரம் கைத்தறி என்று பெயர் சூட்டி, அந்தப் பெயருக்குரிய விலையையும் வாங்கும்போதுதான் அது திருட்டாகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் எனக்குக் காட்டிய சேலையைப் புரட்டிப் பார்த்தேன். முந்தியில் இருந்த பூவேலையின் பின்புறத்தில் நூல்கள் வரிசையாக வெட்டுண்டு நின்றன. "எந்தச் சங்கத்தில் நெய்தது?" என்று கேட்டேன். "எல்லாம் பாலராமபுரம்தான் சார், சந்தேகமே வேண்டாம்" என்றார் விற்பனையாளர். ரசீதில் 'கைத்தறி' என்று எழுதித் தரச் சொன்னேன். முதலாளி வந்து சேலையை மடித்து உள்ளே வைத்துவிட்டார். வாயால் சொல்லத் துணிந்ததைக் கையால் எழுதத் துணியவில்லை!

இதில் தமிழர்களாகிய நமக்குச் சற்றுக் கசப்பான செய்தி ஒன்று உண்டு. பாலராமபுரம் பெயரைச் சுமந்து கடைகளுக்கு வரும் விசைத்தறித் துணியில் பெரும்பங்கு தமிழகத்திலிருந்து வருவதுதான். இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் தமிழ் மண்ணிலிருந்து வந்தவர்கள் கட்டியெழுப்பிய பெயரை, அதே மண்ணிலிருந்து வரும் துணி தின்றுகொண்டிருக்கிறது. முன்பெல்லாம் அமரவிளைச் சோதனைச் சாவடியில் லாரிகள் வரிசையாக நிற்கும். வரி கட்டியாயிற்றா என்று பார்ப்பார்களே தவிர, துணி சொல்லும் பெயர் மெய்யா என்று யாரும் பார்த்ததில்லை. 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபின் வணிகவரிச் சோதனையும் போய்விட்டது.

ஆனாலும் பழி முழுவதையும் வெளியார் மேல் போட்டுவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. இந்த வட்டாரத்து முதிய நெசவாளர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தபோது, "ஏன் அண்ணாச்சி, வெளியூர்க்காரன் இப்படிச் செய்கிறானே, நீங்கள் எல்லோரும் சேர்ந்து கேட்கக்கூடாதா?" என்றேன். அவர் சிரித்தார். "வெளியூர்க்காரனுக்கு எங்க ஊர்ப் பேரு எப்படி சார் கிடைச்சுது? உள்ளூர்ல ஒருத்தன் கொடுக்காம அவனுக்குக் கிடைக்குமா? துணியைத் திருடினா போலீசுக்குப் போகலாம். பேரைத் திருடினவன் நமக்குப் பாவும் நூலும் தர்றவனா இருந்தா எங்க போறது?" என்றார்.

அவர் சொன்னதில் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது. நூல் கொடுத்துக் கூலிக்கு நெய்யச் சொல்பவரிடம் நெசவாளர் அண்டியிருக்கிறார். அந்த முதலாளியே கைத்தறித் துணி பத்தோடு விசைத்தறித் துணி தொண்ணூறு சேர்த்து விற்றாலும் வாய் திறக்க முடிவதில்லை. பத்துத் துணி நெய்தவரின் நேர்மைதான் தொண்ணூறு துணிக்கும் முத்திரையாகிறது. அசல் கசவு என்று சொல்லி மட்டமான சரிகையை ஓட்டுவதும், ஒருவர் யோசித்துப் போட்ட கரை மாதிரியை இன்னொருவர் தம்முடையதென்று காட்டிப் பாராட்டுப் பெறுவதும் இதே இனத்தைச் சேர்ந்தவைதான். வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் முறையிடுவது?

சட்டம் இல்லையா என்றால், நிறையவே இருக்கிறது. சேலை, வேட்டி முதலிய சிலவற்றைக் குறிப்பிட்ட நெசவு முறைகளில் கைத்தறிக்கு மட்டுமே ஒதுக்கும் சட்டம் 1985-இல் வந்தது. விசைத்தறிக்காரர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1993-இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. ஆனால் ஒதுக்கப்பட்ட 22 வகைகள் பின்னர் 11 ஆகச் சுருங்கின. புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999-இல் இயற்றப்பட்டு 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. பாலராமபுரம் சேலைகளும் மெல்லிய பருத்தித் துணிகளும் அதன்கீழ்ப் பதிவு பெற்றிருக்கின்றன. பொய்யான குறியீட்டைப் பயன்படுத்துவோருக்கு ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறை என்கிறது அச்சட்டம். 2006-இல் கைத்தறி முத்திரையும் வந்தது. இத்தனை இருந்தும் பொய் ஏன் நிற்கவில்லை? பதிவு செய்தது ஊரின் பெயரை. ஊர் எழுந்து வந்து வழக்காட முடியாது. துணியை நெய்த ஆளின் பெயர் அதில் இல்லை. ஆகவே பறிபோனது யாருடையது என்று காட்டவும் முடிவதில்லை.

இங்கேதான் என் தொழிலிலிருந்து ஓர் உதாரணம் சொல்ல விரும்புகிறேன். 1979-இல் திறக்கப்பட்ட திருவனந்தபுரம் – நாகர்கோவில் பாதையில் பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, அமரவிளை, தனுவச்சபுரம், பாறசாலை என்று நிலையங்கள் வரிசையாக வரும். அங்கே தண்டவாளத்தின் பக்கவாட்டைக் கவனித்துப் பாருங்கள். அதை உருட்டிய ஆலையின் பெயரும், மாதமும் ஆண்டும், எடையின் அளவும் எழுத்தாகப் புடைத்து நிற்கும். இரண்டு தண்டவாளங்களை உருக்கி இணைத்த இடத்தில், இணைத்த வெல்டரின் குறியீடும் தேதியும் இருக்கும். இணைப்பு விண்டுபோனால் யார் கை என்று தேடிப் பிடிக்கலாம். இருபது ஆண்டு விரியாமல் நின்றாலும் யார் கை என்று தெரியும். அதனாலேயே வெல்டர் கவனமாக வேலை செய்வார். அவருடைய வேலையை இன்னொருவர் தம்முடையது என்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. எங்கோ வெயிலில் கிடக்கும் இரும்புக்குப் பிறப்புச் சான்று இருக்கிறது. உடம்பில் உடுத்தும் துணிக்கு இல்லையே!

பெயர் பொறிப்பது மேல்நாட்டு வழக்கம் என்று நினைக்க வேண்டாம். 1010-இல் தஞ்சைப் பெரிய கோயிலை முடித்த ராஜராஜ சோழன், தான் கொடுத்ததையும் தன் அக்காள் கொடுத்ததையும் பெண்டுகள் கொடுத்ததையும் கல்லில் வெட்டச் செய்தான். அதே கோயில் கல்வெட்டுகளில் குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சனின் பெயர் இருக்கிறது. கோயிலில் பணியாற்றிய ஆடல் மகளிர் நானூறு பேரின் பெயர்கள் அவர்கள் குடியிருந்த வீட்டு வரிசையோடு இருக்கின்றன. உழைத்தவர் பெயரைச் சொல்வதால் பேரரசனின் புகழ் குறைந்துவிடவில்லை.

வேற்று நாட்டிலும் ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. ஸ்காட்லாந்துக்கு மேற்கே உள்ள தீவுகளில் ஹாரிஸ் ட்வீட் என்ற கம்பளித் துணியை நெசவாளர்கள் தங்கள் வீட்டிலேயே நெய்கிறார்கள். அதற்கான உருண்டை முத்திரை 1910-இல் பதிவாயிற்று. 1993-இல் அதற்கென்றே தனிச் சட்டம் வந்தது. அங்கே முத்திரை குத்துவது வியாபாரி அல்ல. தனி அமைப்பின் ஆய்வாளர் துணியைப் பார்த்த பிறகே முத்திரை விழும். விற்பவர் கையில் முத்திரையைக் கொடுத்துவிட்டு நேர்மையை எதிர்பார்ப்பது, பூனைக்குப் பால்குடத்தைக் காவல் வைப்பது போலத்தான்.

"கூலி கிடைத்தால் போதாதா, பெயர் எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. 2017 முதல் கேரள அரசு பள்ளிச் சீருடைத் துணியைக் கைத்தறியில் நெய்யச் செய்ததால் பல தறிகளுக்கு வேலை வந்தது. நல்ல காரியம்தான். ஆனால் 120-ஆம் நம்பர் நூலை ஆளும் கை, அந்த வேலைக்கு மதிப்பில்லை என்று கண்டால் மகனுக்கு அதைக் கற்றுக்கொடுக்காது. பெயர் போனால் விலை போகும். விலை போனால் கை வேறு வேலைக்குப் போய்விடும். போன கையைச் சட்டம் போட்டுத் திரும்ப அழைத்துவர முடியாது.

செய்ய வேண்டியவை என்று எனக்குத் தோன்றுவதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் ஒவ்வொரு துணியிலும் நெய்தவர் பெயர், தார் சுற்றியவர் பெயர், சங்கத்தின் பெயர், தறியிலிருந்து இறங்கிய தேதி ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதித் தைக்கட்டும். சங்கத்துக்குள்ளேயே ஒருவர் விசைத்தறித் துணியைக் கொண்டுவந்து கலந்தால், "நம்மவர் ஆயிற்றே" என்று மூடி மறைக்காமல் பொதுக்குழுவில் வைத்துக் கேட்கட்டும். முதல் தடவை எச்சரிக்கை, மறு தடவை விலக்கு என்று இருக்கட்டும். கேட்டதற்காக ஒரு நெசவாளருக்கு முதலாளி நூலை நிறுத்தினால், சங்கம் அவருக்கு நூல் கொடுக்கட்டும். இந்தக் கடைசி ஏற்பாடு இல்லாமல் முன் சொன்னவை எதுவும் நடக்காது. கடைக்காரர்கள் கைத்தறிக்கு ஓர் அலமாரி, விசைத்தறிக்கு ஓர் அலமாரி என்று பிரித்து வைக்கட்டும். வாங்குகிற நாம் ரசீதில் 'கைத்தறி' என்று எழுதிக் கேட்போம். எழுதிய ரசீது கையில் இருந்தால் நுகர்வோர் ஆணையத்தின் வாசல் திறந்திருக்கிறது.

நம் சங்கம் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. ஒவ்வொரு விழாவிலும் விருந்தினர்களுக்குப் பொன்னாடை போர்த்துகிறோம். அதை எங்கோ இயந்திரம் நெய்தது, யார் நெய்தது என்று போர்த்துபவருக்கும் தெரியாது, ஏற்பவருக்கும் தெரியாது. வரும் ஆண்டுவிழாவிலிருந்து அதற்குப் பதிலாகப் பாலராமபுரம் கைத்தறி நேரியலை நெசவாளர் சங்கத்திலிருந்து நேரே வாங்கிப் போர்த்தலாம். செலவு கூடுதல்தான். பத்துப் பேருக்குப் பதில் மூன்று பேரைச் சிறப்பிப்போம். போர்த்தும்போது விருந்தினரின் பெயரைச் சொல்லும் அதே ஒலிபெருக்கியில், "இதை நெய்தவர் இன்னார்" என்றும் ஒரு வரி சொல்வோம். செயற்குழு இதைப் பரிசீலிக்க வேண்டுகிறேன்.