மாதர் பயிற்சியும் தசை நோவும்

கல்லூரி மலர்களிலே கல்வியையும் ஒழுக்கத்தையும் பற்றி எழுதுவது மரபு. இம்முறை யாம் தொடைத் தசையைப் பற்றி எழுதத் துணிந்தோம். நகைப்பார் நகைக்க. எம் பழைய மாணவருட் பலர் இன்று பெண் மக்களுக்குத் தந்தையர். சிலர் மகளிர் கல்லூரிகளில் ஆசிரியர். வேறு சிலர் மெய்வல்லுநர் போட்டிகளுக்குப் பயிற்றுவோர். ஆதலின் இப்பொருள் எம்மவர்க்கு அயலானதன்று.

எம் நண்பர் ஒருவரின் மகள், இல்ல விளையாட்டுப் போட்டிக்கு இரண்டு கிழமை இருக்கையிற் பயிற்சிக்கு அழைக்கப்பட்டாள். பிந்தி வந்தமைக்காக முதல் நாளே அவளுக்கு நூறு தோப்புக்கரணம் விதிக்கப்பட்டது. அன்று சிரித்துக்கொண்டே வீடு திரும்பிய பிள்ளை, மூன்றாம் நாட் காலை படியிறங்க மாட்டாது சுவரைப் பற்றி நின்றாள். “வெறும் சோம்பல்” என்றார் பயிற்றியவர். “பெண்பிள்ளைக்கு இந்த ஓட்டம் எதற்கு?” என்றார் பேரனார். இருவர் கூற்றும் பிழையென்பதே எம் கருத்து.

தோப்புக்கரணத்தில் எழும்போது முன்தொடைத் தசை சுருங்கி உடலைத் தூக்குகிறது. அமரும்போதோ அதே தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது. நோவை விளைப்பது பெரிதும் இந்த இரண்டாவது உழைப்பே. சிவனொளிபாத மலைக்குச் சென்று மீண்டோர் இதனை நன்கறிவர். ஏறும்போது இளைத்தது மூச்சு. பின்னாளில் நொந்தது இறங்கிய கால்.

இவ்வுழைப்பின் இயல்பை 1952ஆம் ஆண்டு இலண்டனிற் காட்டிய பரிசோதனை ஒன்று சுவையானது. இரண்டு துவிச்சக்கரவண்டிகளைப் பின்னுக்குப் பின்னாக நிறுத்திச் சங்கிலியால் இணைத்தனர். ஒருவர் முன்னோக்கி மிதிக்க, மற்றவர் அதனைத் தடுத்தார். தடுத்தவர் ஒரு சிறிய உருவப் பெண். களைத்துப்போனவரோ மிதித்த ஆடவர். நீளும் தசை குறைந்த சக்தியைச் செலவிட்டே பெரும் விசையைத் தாங்க வல்லது. ஆயின் அப்போது உழைப்பவை சில தசைநார்களே. ஒவ்வொன்றின் மீதும் பாரம் மிகுகிறது. பழக்கமில்லாத தசையில் அந்நார்களின் நுண்ணிய அமைப்புக் குலைகிறது.

இலக்ரிக் அமிலம் தேங்குதலே நோவுக்குக் காரணம் என்று இன்றும் பலர் சொல்லக் கேட்கிறோம். அவ்வமிலம் ஓரிரு மணி நேரத்துள் நீங்கிவிடும். நோவோ பன்னிரண்டு மணி நேரத்தின் பின்னரே தலைகாட்டி, இரண்டாம் மூன்றாம் நாட்களில் உச்சமடைந்து, ஏறத்தாழ ஒரு கிழமையில் தணிகிறது. தசையின் வலு மட்டும் அன்றே குறைந்துவிடும். நோவு தணிந்த பின்னரும் அது முற்றாக மீளாதிருத்தல் உண்டு. ஆகவே படியிறங்க இயலாத பிள்ளை நடிக்கவில்லை. அவள் தொடை உண்மையாகவே வலுவிழந்துள்ளது.

இனி, பெண் என்பதால் இத்தீங்கு மிகுமோ? அவ்வாறு கொள்ள ஆதாரம் இல்லை. தசை சிதையும்போது குருதியிற் கசியும் கிரியேற்றின் கைனேசு என்னும் நொதியத்தின் அளவு பொதுவாகப் பெண்களில் ஆண்களினும் குறைவு. ஈஸ்திரஜன் என்னும் ஓமோன் தசையைக் காப்பதாக விலங்குகளில் நிகழ்ந்த ஆய்வுகள் பல கூறுகின்றன; மனிதரில் முடிவுகள் ஒருமித்தில. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் சுசந்திகா ஜயசிங்க ஓடியதையும், 2018இல் ஆசிய வலைப்பந்தாட்டக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணியில் எம் தர்ஜினி சிவலிங்கம் ஆடியதையும் கண்ட பின்னர், பேரனாரின் வினாவுக்கு வேறு விடை வேண்டுமோ?

இயற்கை ஒரு நல்ல மருந்தையும் வைத்திருக்கிறது. ஒருமுறை இத்தகைய உழைப்புக்கு உட்பட்ட தசை, மறுமுறை அதே உழைப்பால் அத்துணை கேடுறுவதில்லை. இக்காப்புப் பல கிழமைகள் நிலைக்கும். முதல் உழைப்பு மிதமானதாயினும் ஓரளவு பயன் உண்டு. எனவே சிறிதளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவதே அறிவுடைமை. போட்டிக்கு இரண்டு கிழமையின் முன் பிள்ளைகளைத் திடலுக்கு விரட்டுவதன்று. தவணைதோறும் பயிற்சி நடத்தல் வேண்டும். நொந்த நாட்களில் மெல்ல நடக்கலாம். நோவு சற்றுத் தணியும். கடும் பயிற்சியைச் சில நாட்கள் ஒத்திவைத்தல் நன்று.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. அளவிறந்த உழைப்பின் பின் சிறுநீர் கடுந்தேயிலைச் சாயம்போற் கருத்தாலோ, தொடை கடுமையாக வீங்கினாலோ காலந்தாழ்த்தாது வைத்தியசாலைக்குச் செல்லுக. சிதைந்த தசையின் பொருள்கள் சிறுநீரகத்தைக் கெடுக்கவல்லன.

விநாயகர் முன்னிலையில் நாமே விரும்பி இடும் தோப்புக்கரணம் வழிபாடு. எண்ணிக்கை மூன்றோ ஐந்தோ. அதனையே நூறாக்கித் தண்டனையாக்குதல் வழிபாடுமன்று, பயிற்சியுமன்று. எம் கல்லூரியில் உருவாகி இன்று ஆசிரியராய் விளங்குவோர் இத்தண்டனையைக் கைவிடுவாராக. பெண்மக்களைப் பெற்றோர், நோவைக் கண்டஞ்சி அவர்களைத் திடலிலிருந்து மீட்டு வீட்டில் இருத்தாதிருப்பாராக. ஒரு கிழமை பொறுத்தால் அத்தொடை முன்னையினும் உறுதியுடன் எழும். அந்த ஒரு கிழமையை அவர்களுக்கு அளிப்பது எம் கடன்.