சோறு வைத்தால் மட்டும் போதுமா?

அமாவாசை தவறாமல் காக்கைக்குச் சோறு வைக்கிறோம். கனுப்பொங்கலன்று காக்காப்பிடியும் வைக்கிறோம். அதே காக்கை அடிபட்டு வாசலில் விழுந்தால், 'சனியன், தூக்கிப் போடு' என்கிறோம். இது என்ன நியாயம்?

எங்கள் ஊரில் சில பிள்ளைகள் இரக்கப்பட்டு எடுத்து மருந்து போடுகிறார்கள். நல்ல மனசுதான். குணமானதும் என்ன செய்வது என்றுதான் தெரிவதில்லை. சிலர் கூண்டிலேயே வைத்து விடுகிறார்கள். கையில் ஊட்டிப் பழகிய காக்கை எல்லாரிடமும் போகும். எல்லாருமா சோறு போடுவார்கள்? கல்லும் விழும். இன்னும் சிலர், 'பறவைக்குக் காடுதானே வீடு' என்று மலையடிவாரத்தில் விட்டு வருகிறார்கள். ஊர்க்காக்கைக்கு மனுஷர் இருக்கிற இடத்தில்தான் இரை. புது இடத்தில் மற்ற காக்கைகள் கொத்தி விரட்டும். நன்றாகப் பறக்கிறதா என்று பார்த்து, எடுத்த தெருவிலேயே காலை நேரத்தில் விடுவதுதான் முறை. அதன் கூட்டம் அங்கேதான் இருக்கும்.

இறகு முளைத்த குஞ்சு தரையில் தத்தினால் வீட்டுக்குத் தூக்கி வராதீர்கள். அது பறக்கப் பழகுகிறது. தாயும் தகப்பனும் இரை கொடுக்கும். பூனை, நாய் பயம் இருந்தால் பக்கத்து மரக்கிளையில் வைத்தால் போதும். குயில் குஞ்சானாலும் காக்கைதானே ஊட்டுகிறது!

1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காக்கையை எலியோடு சேர்த்து, தீங்கு செய்யும் பிராணிகள் பட்டியலில் வைத்திருந்தார்கள். 2022-ல் சட்டத்தைத் திருத்தி அந்தப் பட்டியலையே எடுத்து விட்டார்கள். சட்டமே மனசு மாறிவிட்டது. நாமும் மாற வேண்டாமா, சகோதரிகளே?

- ஓர் இல்லத்தரசி, தேவதானம்.