தமிழ் வகுப்பில் நிற்பவர் எங்கிருந்து வந்தவர்?

செஞ்சி என்றால் கோட்டைதான் நினைவுக்கு வரும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைகளையும் வளைத்துக் கட்டிய கோட்டை அது. 2025-ம் ஆண்டு ஜூலை மாதம் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் அது இடம் பெற்று விட்டது.

கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் பலர், பக்கத்தில் இருக்கும் திருநாதர்குன்றைப் பார்ப்பது இல்லை. அங்கே ஒரு பாறையில் தீர்த்தங்கரர் இருபத்து நான்கு பேரின் உருவங்கள் செதுக்கப்பட்டு இருக்கின்றன. பழைய கல்வெட்டு ஒன்றும் உண்டு. சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணா நோன்பு இருந்து உயிர் நீத்ததை அது சொல்கிறது. ஏறத்தாழ 1,500 ஆண்டுகளுக்கு முன்பே இந்த வட்டாரம் ஓர் ஆசிரியரின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்தது!

அந்த மதிப்பு இன்று ஆசிரியருக்கு இருக்கிறதா? அதிலும், பல்கலைக் கழகத்துக்குப் போகத் தயாராகும் பிள்ளைகளுக்கு இலக்கியம் சொல்லித் தரும் ஆசிரியருக்கு இருக்கிறதா?

வாசற்படி வகுப்பு

பட்டப் படிப்புக்கு முன்னால் ஒரு வாசற்படி உண்டு. முதலில் அதை எப்.ஏ. என்றார்கள். பிறகு இண்டர்மீடியட் என்றார்கள். 1950-களில் அது ஓராண்டுப் புகுமுக வகுப்பு ஆயிற்று. மக்கள் அதைப் பி.யு.சி. என்று அழைத்தார்கள். 1978-ல் தமிழ்நாட்டில் பிளஸ் டூ வந்தது. கல்லூரியில் இருந்த வாசற்படி பள்ளிக்கூடத்துக்கு வந்து விட்டது.

பெயர் எதுவானாலும், அங்கே தமிழுக்கு ஓர் ஆசிரியர் உண்டு. அவர் எங்கிருந்து வந்தார் என்று கேட்டால் வியப்பான விடைகள் கிடைக்கும்.

பாதியில் நின்ற படிப்பு

திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒளவையார்குப்பம் என்று ஓர் ஊர். அங்கே 1902-ல் பிறந்தவர் ஒளவை சு. துரைசாமிப் பிள்ளை. திண்டிவனத்தில் பள்ளிப் படிப்பை முடித்தார். வேலூரில் ஊரிசுக் கல்லூரியில் இண்டர்மீடியட் சேர்ந்தார். குடும்பத்தில் வறுமை. படிப்பு பாதியில் நின்றது. சுகாதார மேற்பார்வை வேலைக்குப் போனார். ஆறு மாதத்தில் அதை விட்டு விட்டார். தமிழ் படிக்கவேண்டும் என்ற ஆசை அவரைத் தஞ்சைக் கரந்தைத் தமிழ்ச் சங்கத்துக்கு இழுத்துச் சென்றது.

1930-ல் வித்துவான் தேர்வில் வெற்றி பெற்றார். ஊர் ஊராகப் பள்ளி ஆசிரியர் வேலை பார்த்தார். பிறகு அண்ணாமலைப் பல்கலைக் கழகம். 1951 முதல் மதுரை தியாகராசர் கல்லூரி. புறநானூற்றுக்கும், பதிற்றுப்பத்துக்கும், நற்றிணைக்கும் உரை எழுதினார். இண்டர்மீடியட் வகுப்பை முடிக்க முடியாமல் வெளியே வந்தவர், கல்லூரி மாணவர்களுக்கே ஆசானாக உள்ளே போனார்!

மடமும் வயலும் அலுவலகமும்

இவர் ஒருவர் மட்டும் அல்ல. உ.வே. சாமிநாத அய்யரிடம் கல்லூரிப் பட்டம் கிடையாது. திருவாவடுதுறை மடத்தில் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டதே அவருடைய தகுதி. 1880-ல் கும்பகோணம் கல்லூரி அவரைத் தமிழ் ஆசிரியராக ஏற்றுக் கொண்டது.

நடுக்காவேரி ந.மு. வேங்கடசாமி நாட்டார் உழவர் குடும்பத்துப் பிள்ளை. தாமே படித்து மதுரைத் தமிழ்ச் சங்கத் தேர்வுகளில் வெற்றி பெற்றார். திருச்சி பிஷப் ஹீபர் கல்லூரியில் 22 ஆண்டுகள் தமிழ் கற்பித்தார்.

டாக்டர் மு. வரதராசன் திருப்பத்தூர் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். தாமே படித்து 1935-ல் வித்துவான் தேர்வில் முதலிடம் பெற்றார். 1939-ல் பச்சையப்பன் கல்லூரிக்குப் போனார். 1971-ல் மதுரைப் பல்கலைக் கழகத்தின் துணைவேந்தர் ஆனார்.

இவர்கள் வந்த வழி வேறு வேறு. பசித்தவன் சோற்றைத் தேடுவது போல் எல்லோரும் படிப்பைத் தேடிப் போனார்கள். அதனால் எந்தப் பாட்டில் எந்தச் சொல்லில் மாணவன் தடுக்கி விழுவான் என்று அவர்களுக்குத் தெரிந்து இருந்தது.

ஆனாலும் ஒரு காலத்தில் தமிழ்ப் பண்டிதருக்கு மற்ற ஆசிரியர்களைவிடச் சம்பளம் குறைவு. மரியாதையும் குறைவு. கதைகளிலும் சினிமாவிலும் அவர் கேலிப் பொருளாகவே வந்தார்.

இன்றைய நிலை

இன்று பிளஸ் டூ தமிழ் ஆசிரியராக வேண்டும் என்றால் எம்.ஏ. வேண்டும். பி.எட். வேண்டும். அரசுப் பள்ளி என்றால் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் தேர்வும் உண்டு. இது நல்ல ஏற்பாடு. யாருக்கு வேண்டியவர் என்று பார்க்காமல், கூலிக்காரரின் மகளும் தேர்வு எழுதி ஆசிரியராக முடிகிறது. சம்பளத்திலும் பழைய வேற்றுமை இல்லை.

ஆனால் கேலி முழுவதும் ஒழிந்து விட்டதா? இல்லை. பொறியியல் படிப்புக்குக் கணக்கு, இயற்பியல், வேதியியல் மதிப்பெண்ணைத்தான் பார்க்கிறார்கள். மருத்துவத்துக்கு நீட் தேர்வு. "தமிழ் பாஸ் ஆனால் போதும்" என்று வீட்டிலேயே சொல்லி விடுகிறார்கள். தமிழ் வகுப்பை வேறு பாடத்துக்குக் கடன் வாங்கும் பள்ளிகளும் உண்டு.

இது நஷ்டக் கணக்கு. மருத்துவத்துக்கோ பொறியியலுக்கோ போகும் பிள்ளைக்குப் பெரும்பாலும் இதுவே கடைசி இலக்கிய வகுப்பு. படித்ததைப் புரிந்து கொள்ளவும், நினைத்ததைக் கோர்வையாகச் சொல்லவும் அங்கேதான் பழக்கம் வருகிறது. அந்தப் பழக்கம் இல்லாதவன் எந்தப் படிப்பிலும் திணறுவான்.

செஞ்சி வட்டாரத்தில் நெல்லும் வேர்க்கடலையும் விளைவிக்கும் குடும்பங்கள் ஏராளம். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் நிற்கும் தமிழ் ஆசிரியரும் பல நேரங்களில் அப்படிப்பட்ட வீட்டில் இருந்தே வந்தவர். தாம் ஏறி வந்த படிகளை அவர் மறைக்க வேண்டியது இல்லை. வகுப்பில் எடுத்துச் சொல்லட்டும். "நம்மாலும் முடியும்" என்ற துணிவு பிள்ளைகளுக்குப் பிறக்கும்.

பிளஸ் டூ படிக்கும் பிள்ளை வீட்டில் உண்டா? இன்று மாலை ஒரு கேள்வி கேளுங்கள். "உன் தமிழ் ஆசிரியர் எந்த ஊர்? எப்படிப் படித்து வந்தார்?" தெரியாது என்று பிள்ளை சொன்னால், நாளைக்குக் கேட்டு வரச் சொல்லுங்கள்.