கன்றின் முதற்பங்கு

கொண்டாப்பூரில் வாழும் நம் குடும்பங்களுக்கு அண்டை வீட்டுத் தெலுங்கு அன்பர்கள் அன்போடு கொடுத்தனுப்பும் பண்டங்களுள் ஜுன்னு ஒன்று. நம் பக்கத்துச் சீம்பாலே அது. வெல்லமும் ஏலமும் சேர்த்து ஆவியில் வேகவைத்தால் தானே இறுகிக் கட்டியாகும். அடுக்குமாடியில் வளரும் நம் குழந்தைகள் அதனை விரும்பி உண்கின்றனர். ஆனால் அது யாருடைய பங்கிலிருந்து வருகிறது என்பதை அறியார். ஆதலால் இம்மாதம் அவர்களைக் காங்கயம் நாட்டுக்கு அழைத்துச் செல்ல எண்ணினோம்.

அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் பெரும் மாட்டுப் பண்ணை நடத்துவோர், வசந்தத்தில் புல் தளிர்க்கும் காலத்தை ஒட்டிக் கன்றுகள் பிறக்குமாறு கணக்கிட்டுக் காளையை மந்தையில் விடுவர். பசு சினை சுமப்பது ஏறத்தாழ 280 நாட்கள். நம் நாட்டிலோ புல்லைத் தருவது வசந்தமன்று, மழை. பங்குனியில் நம் மேய்ச்சல் நிலம் காய்ந்து கிடக்கும். அப்படிக் காய்ந்த நிலத்திலும் மாட்டைக் காப்பாற்ற நம் முன்னோர் கண்ட வழிதான் கொறங்காடு.

கிளுவை முள்வேலி சூழ்ந்த நிலம், உள்ளே கொழுக்கட்டைப்புல், இடையிடையே வெள்வேல மரங்கள். இவ்வளவே கொறங்காடு. மழை பெய்தால் புல் எழும். புல் தீர்ந்த கோடையில் வெள்வேலின் காய்கள் உதிர்ந்து தீவனமாகும். நிலத்தைப் பல பட்டிகளாகப் பிரித்து, ஒன்றில் மேயும்போது மற்றொன்றை ஆறவிடுவர். மேய்ப்பவன் பின்னே அலைய வேண்டுவதில்லை. மேல்நாட்டாரின் பண்ணை முறைக்கு இது எவ்விதத்திலும் தாழ்ந்ததன்று என்பது நம் கருத்து. பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்தார் தேர்ந்த காளைகளைப் பேணிக் காங்கயம் இனத்தை உயர்த்தியதும் இத்தகைய நிலத்தில்தான்.

ஈனும் நாள் நெருங்கிய பசுவை அனுபவமுடையோர் எளிதில் அறிவர். மடி இறங்கும், காம்புகள் விறைக்கும், வால் தலைப்பின் இருபுறமும் குழி விழும். பசு கூட்டத்தை விட்டு ஒதுங்கி நிற்கும். முன்னங்கால்கள் இரண்டும் அவற்றின்மேல் மூக்கும் தோன்றுமாயின் கவலையில்லை. வேறு விதமாயின் மருத்துவரை அழைக்க வேண்டும். விழுந்த கன்றைத் தாய் நக்கித் துவட்டும். சிறிது நேரத்தில் அது தள்ளாடி எழுந்து மடியைத் தேடும். காங்கயம் கன்று பிறக்கும்போது செந்நிறம். ஆறு திங்களில் அது மாறிச் சாம்பல் நிறம் கொள்ளும். விழுந்த இளங்கொடியை வைக்கோலில் பொதிந்து ஆலமரத்தில் கட்டும் வழக்கத்தை நம்முள் மூத்தோர் கண்டிருப்பர்.

இனிச் சீம்பாலுக்கு வருவோம். மனிதக் குழந்தை கருவிலேயே தாயிடமிருந்து நோயெதிர்ப்புப் பொருள்களைப் பெற்றுவிடுகிறது. கன்றுக்கு அது கிட்டுவதில்லை. பசுவின் நஞ்சுக்கொடி அவற்றைக் கடத்துவதில்லை. கன்று பெறவேண்டிய காப்பு முழுதும் முதற்பாலில் இருக்கிறது. அதனை உட்கொள்ளும் ஆற்றலும் கன்றின் குடலுக்கு ஏறத்தாழ ஒரு நாளே உண்டு. அதுவும் மணிக்கு மணி குறைந்துகொண்டே வரும். முதல் சில மணி நேரத்திற்குள் கன்றின் எடையில் பத்திலொரு பங்குப் பால் உள்ளே சென்றாக வேண்டும். இருபது கிலோக் கன்றுக்கு இரண்டு லிட்டர் என்று கொள்க. முதல் நாட் பாலில் மிகுந்திருக்கும் அந்தக் காப்புப் புரதமே, நாம் வேகவைக்கையில் அதனைக் கெட்டியாக இறுகச் செய்கிறது! நன்றாக இறுகும் பாலுக்கு நாம் கூடுதல் விலை கொடுக்கும்போது, கன்றின் உயிர்க்காப்புக்கே விலை பேசுகிறோம்.

கலப்பினப் பசு நிறையக் கறக்கும். கன்று வயிறாரக் குடித்தபின் மிஞ்சியதைப் பெறுவதில் குற்றமில்லை. காங்கயம் போன்ற உழவினப் பசுவின் மடியில் அவ்வளவு மிச்சம் இராது. நகரத்துப் பால் கொட்டில்களிலோ பசுவினும் எருமையே மிகுதி; அங்கே ஆண் கன்று பிறந்தால் அதற்குச் சொட்டுப் பாலும் வீண் என்று எண்ணுவோர் உண்டு. உழவும் பாரவண்டியும் இயந்திரத்திற்கு மாறியபின் ஆண் கன்றின் விலை சரிந்ததே காரணம். காங்கயம் பகுதியில் இன்னும் காளைக்கன்றுக்கு மதிப்பளிப்போர் இருக்கின்றனர். சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மன் திருவிழாவை ஒட்டிக் கூடும் மாட்டுச் சந்தைக்குச் சென்று பார்த்தவர் அறிவர்.

பால் கொண்டுவருபவரிடம், "கன்று குடித்ததா? இது எத்தனையாம் கறவை?" என்று இரு கேள்விகள் கேட்க நம் இல்லத்தரசியர் தயங்கவேண்டா. இரண்டாம் நாட் பாலை வாங்கினால் கன்றுக்கு இழப்பு மிகக் குறைவு. அது கத்தியால் வெட்டி எடுக்குமளவு இறுகாது. சற்றுத் தளர்வாகவே இருக்கும். வெல்லத்தைச் சிறிது குறைத்துப் போட்டு, கிண்ணத்திலேயே வேகவைத்துக் கரண்டியால் பரிமாறலாம்.